செத்த பிறகும் வரிசையில நிக்கவேணும்

இந்த நாவலின் கதாநாயகன் முதல் பக்கத்திலேயே செத்துப்போயிருக்கிறான். கண்ணை முழிச்சுப் பார்த்தால் சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை, எருமையில யமனும் வரேல்லை. இருக்கிறது ஒரு கந்தோர். கவுண்டர் இருக்கு. கவுண்டருக்கு முன்னால சனம் முண்டியடிக்குது. எல்லாரும் ஒரே நேரத்தில கேள்வி கேட்கினம், ஒருத்தருக்கும் ஒழுங்கான பதில் இல்லை. வெட்டுப்பட்டவர், சுடுபட்டவர், குண்டில சிதறினவர் எல்லாரும் விசா எடுக்க வந்த ஆக்கள் மாதிரி நிக்கினம். இலங்கையில பிறந்தவனுக்குச் செத்தும் வரிசை முடியேல்லை.

ஷெஹான் கருணாதிலகவின் 'தி செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்டா' பற்றித்தான் சொல்லுறன். 2022இல் வெளிவந்து, அதே வருசம் ஒக்டோபரில் புக்கர் பரிசு வாங்கிய நாவல். 1992இல் மைக்கல் ஒண்டாச்சிக்குக் கிடைத்த பிறகு, இலங்கையில பிறந்த ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைச்சது இது இரண்டாம் தரம். எல்லாரும் கொண்டாடி முடிச்ச பிறகுதான் நான் வாசிச்சன். கிட்டத்தட்ட 400 பக்கம், முழுக்க ஆங்கிலம். தமிழ் மீடியத்தில படிச்ச ஒரு கலைப்பீட மாணவிக்கு அது ஒரு விடுமுறைக்கான வேலை. வாசிச்சு முடிச்ச கையோட எழுதுறதால இதை ஒரு விமர்சனமா எடுக்கவேண்டாம், முதல் அபிப்பிராயம் எண்டு எடுங்கோ.

கதை சுருக்கமா இதுதான். 1989-90 காலக் கொழும்பு. மாலி அல்மெய்டா ஒரு போர்ப் படப்பிடிப்பாளன், சூதாடி, ஆம்பிளையளைக் காதலிக்கிறதை ஊருக்கு மறைச்சு வாழ்ந்தவன். ஆமிக்கும் படம் எடுத்திருக்கிறான், வெளிநாட்டுப் பத்திரிகைக்காரருக்கும் எடுத்திருக்கிறான். இப்ப அவன்ர உடல் துண்டு துண்டாகப் பெய்ரா வாவிக்குள்ள. கொன்றது ஆர் எண்டு அவனுக்கே தெரியாது. அவனுக்கு ஏழு நிலா, அதாவது ஏழு இரவு, அவகாசம் குடுக்கினம். அதுக்குள்ள தன்ர இரண்டு நெருங்கின ஆக்களை, டிடி, ஜக்கி எண்ட இரண்டு பேரை, கட்டிலுக்குக் கீழ ஒளிச்சு வைச்ச ஒரு பெட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேணும். பெட்டிக்குள்ள படங்கள். 83 யூலையில நடந்ததுக்கான சாட்சியும் அதுக்குள்ள இருக்கு. கொலைகாரன் ஆர் எண்டதை நான் சொல்லமாட்டன், நீங்களே வாசிச்சுக் கண்டுபிடியுங்கோ.

வாசிக்கத் தொடங்கேக்க எனக்கு இருந்த கேள்வி ஒண்டுதான்: எங்கட சண்டையைப் பற்றி எழுதிப்போட்டு எங்களைச் சிரிக்கச் சொல்லுறதுக்கு இவருக்கு என்ன உரிமை? கொழும்புக்காரர், சிங்களவர், ஆங்கிலத்தில எழுதுறவர். அந்தக் கந்தோர் அத்தியாயம் முடியிறதுக்குள்ளேயே நான் சிரிச்சிட்டன். சிரிச்ச பிறகு ஏன் சிரிச்சன் எண்டு யோசிச்சன். இந்தக் கட்டுரையே அந்த யோசனைதான்.

என்ர பெரியம்மாவின் மகன் 2009 ஏப்பிரலில காணாமல் போனவர். பெரியம்மா எத்தினை போம் நிரப்பியிருப்பா எண்டு அவவுக்கே கணக்கில்லை. ஒவ்வொரு தரமும் அதே கேள்விகள், அதே போட்டோக் கொப்பிகள், கடைசியாக் கண்ட இடம், கண்ட நேரம், கண்ட சாட்சி. ஒருக்கா ஒரு விசாரணையில, பிள்ளை எங்க எண்டு கேட்ட மனிசிக்கு, "அம்மா, வாழ்வாதாரத்துக்கு கோழி வளர்க்க விருப்பமோ?" எண்டு கேட்டிருக்கினம். இதைப் பெரியம்மா வீட்டில சொல்லேக்க அழேல்லை. அந்த உத்தியோகத்தரின்ர குரலில அப்பிடியே நடிச்சுக் காட்டினவ. "நான் குஞ்சைத் தேடித்தானே வந்தனான், அவை அதையே தாறம் எண்டினம்" எண்டு சொல்லிச் சிரிச்சா. நாங்களும் சிரிச்சம். அந்தச் சிரிப்புக்கு என்ன பெயர் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. ஆனா கருணாதிலகவின் கவுண்டருக்கு முன்னால எனக்கு வந்தது அதே சிரிப்புத்தான்.

அதால எனக்கு விளங்கின முதல் விசயம்: அவலநகைச்சுவை எண்டது வெளிய இருந்து ஆரோ கொண்டுவந்து எங்கட துயரத்துக்கு மேல ஊத்துற ஒண்டு இல்லை. அது ஏற்கனவே எங்கட குசினியில இருக்கு. 90களின் பொருளாதாரத் தடைக்காலத்தைப் பற்றி அப்பாவைக் கேட்டால், முதல்ல மோட்டார் சைக்கிள் கதைதான் வரும். சலைன் போத்தலில கொஞ்சம் பெற்றோல் விட்டு, குழாயால சொட்டுச் சொட்டா இறக்கி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில ஓடுறது. "மனிசருக்கு ஏத்தச் சலைன் இல்லை, சைக்கிளுக்கு ஏத்தினம்" எண்டு அப்பா சொல்லுவார். அம்மாவின் கதை இறுதிச் சண்டைக்காலம். மண்மூட்டைக்குச் சாக்கு இல்லாமல் சீலைகளை வெட்டித் தைச்சு மண் நிரப்பினவை. எந்தச் சீலையை முதல்ல வெட்டுறது எண்டதில அம்மாவுக்கும் சித்திக்கும் செல்லடிக்கு நடுவில சண்டை. கடைசியில கூறைச்சீலைதான் பங்கர் வாசலுக்குப் போனது. "கலியாணத்தில கூட அது அவ்வளவு எடுப்பா இருக்கேல்லை" எண்டுவா அம்மா.

இந்தக் கதைகளை நான் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறன். ஆனா எழுத்தில கண்டது மிகக் குறைவு. போரைப் பற்றி நாங்கள் எழுதேக்க எங்கட குரல் உடன மாறிப்போகும். கம்பஸ் நினைவுமலர் எண்டாலும் சரி, முகநூல் பதிவு எண்டாலும் சரி, இரண்டு குரல்தான்: ஒண்டு ஒப்பாரி, மற்றது வீரம். இரண்டுமே தேவை, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இரண்டிலயும் அம்மாவும் சித்தியும் சீலைக்குச் சண்டை பிடிக்க இடமில்லை. விதிவிலக்கு இருக்கு. ஷோபாசக்தி 2001இலேயே 'கொரில்லா'வில இயக்கத்தையும் ஆமியையும் அகதி வாழ்க்கையையும் ஒரே நக்கலோட எழுதினவர். அதுக்காக அவருக்குக் கிடைச்ச திட்டுகளும் கொஞ்சமில்லை. சண்டையைப் பற்றிச் சிரிச்சால் அது செத்தவர்களுக்குச் செய்யிற துரோகம் எண்டு ஒரு பயம் எங்களுக்குள்ள இருக்கு.

அந்தப் பயம் முழுக்கப் பிழை எண்டும் நான் நினைக்கேல்லை. சிரிப்பு ஆரைப் பார்த்துப் போகுது எண்டதுதான் முக்கியம். இந்த நாவலில இரண்டு பேர் வருவினம், பலால், கொட்டு எண்டு பெயர். அவையின்ர தொழில் பிரேதங்களை இல்லாமல் ஆக்கிறது. அதைப் பற்றி அவை கதைக்கிறது நகரசபைத் தொழிலாளி குப்பை வண்டி பற்றிக் குறைசொல்லுற மாதிரி இருக்கும். இடம் போதாது, வேலை கூட, மேலிடம் சரியாச் சொல்லுறதில்லை. வாசிக்கச் சிரிப்பு வரும், அடுத்த நிமிசம் வயிறு பிரட்டும். ஒரு நாட்டில கொலை எண்டது சம்பளமும் சலிப்பும் உள்ள ஒரு தொழிலாகிட்டுது எண்டதை ஒரு மனித உரிமை அறிக்கையால இப்பிடிச் சொல்ல ஏலாது. அமைச்சர்மார், ஆயுத வியாபாரி, பொலிஸ், வெளிநாட்டுத் தூதரகத்து ஆக்கள், இவைக்கு மேலதான் நாவலின் பகிடிகள் விழுகுது. அது மேல்நோக்கிப் போற சிரிப்பு. அதில எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

எனக்குப் பிரச்சினை வேற இடத்தில.

முதலாவது, இந்த நாவலில தமிழர் ஆர்? டிடி, அவன்ர அப்பா ஸ்டான்லி தர்மேந்திரன், ஜக்கி எண்டு முக்கியமான ஆக்கள் தமிழர்தான். ஆனா அவை கொழும்பு மேல்தட்டு. அப்பா அமைச்சர். அவையின்ர தமிழ் பெயரில இருக்கு, பெரிய வீட்டில இருக்கு, பயத்திலயும் இருக்கு. அதுவும் உண்மையான ஒரு தமிழ் வாழ்க்கைதான், மறுக்கேல்லை. ஆனா வடக்கும் கிழக்கும் பெரும்பாலும் மாலியின் கமெரா போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வாற இடங்கள். அங்க இருக்கிற சனம் படத்தில வருது, பிணமா வருது, ஆவியா வருது. குசினியில நிண்டு பகிடி விடுற ஆளா வாறது குறைவு. கொழும்பு ஆவிகள் எல்லாம் வாய் ஓயாமல் கதைக்கேக்க, எங்கட ஆவிகள் மட்டும் கொஞ்சம் அமைதியா இருக்கிற மாதிரி எனக்குப் பட்டது.

இரண்டாவது, நாவலில ஒரு இடத்தில மாலி ஒரு வெளிநாட்டு இளம் பத்திரிகையாளனுக்கு இந்த நாட்டின் சுருக்கெழுத்துகளை விளங்கப்படுத்துவான். புலிகள், ஜே.வி.பி., ஐ.தே.க., விசேட அதிரடிப்படை, இந்தியன் ஆமி எண்டு ஒரு பட்டியல். நல்லவர் ஆர் எண்டு இதுக்குள்ள தேடிக் களைக்கவேண்டாம் எண்டதுதான் அதின்ர சாரம். நல்ல பகிடி. 1989ஐப் பார்த்தால் உண்மையும்கூட: தெற்கில ஜே.வி.பி. ஒரு பக்கம் கொல்ல, அரச கொலைப்படைகள் மறுபக்கம் கொல்ல, வடக்கில இந்தியன் ஆமி, புலிகள், மற்ற இயக்கங்கள். ஆனா "எல்லாரும் கெட்டவங்கள்" எண்ட பகிடியில ஒரு வசதி இருக்கு. எல்லாரையும் ஒரே தராசில போட்டால் ஆரிட்டையும் கணக்குக் கேட்கத் தேவையில்லை. ஒரு அரசிட்ட விமானப்படை இருக்கு, நீதிமன்றம் இருக்கு, போம் அடிக்கிற அச்சகமும் இருக்கு. அந்த வித்தியாசத்தைப் பகிடி சில நேரம் தட்டையாக்கிப்போடும். இதைக் கருணாதிலகவுக்கு மட்டும் சொல்லேல்லை, கொழும்பில இருந்து போரைப் பற்றி வாற நகைச்சுவை பலதுக்கும் பொருந்தும்.

மூன்றாவது, ஏன் 1989? ஆசிரியரே பேட்டிகளில சொல்லியிருக்கிறார். 2009க்குப் பிறகு எத்தினை சனம் செத்தது, பிழை ஆரில எண்டு எல்லாரும் வாதாடிக்கொண்டிருக்கேக்க, செத்தவையே வந்து கதைச்சால் எப்பிடியிருக்கும் எண்டதுதான் யோசனையின் தொடக்கம். ஆனா கதையை 1989க்குக் கொண்டுபோனது அந்தக் காலத்து ஆக்கள் பெரும்பாலும் செத்துப்போச்சினம், எழுதுறது கொஞ்சம் பாதுகாப்பு எண்டபடியால். நேர்மையான பதில். அதில அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரேல்லை. ஆனா அந்தப் பதிலே ஒரு சாட்சி. 2009 பற்றி ஐ.நா. நிபுணர் குழு 2011இல் 40,000 வரை பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் எண்டதை மறுக்க ஏலாது எண்டு சொன்னது. அந்தக் காலத்தைப் பற்றி உலகமே வாசிக்கிற ஒரு எழுத்தாளருக்கும் இருபது வருசம் பின்னுக்குப் போய் நிண்டுதான் கதைக்கவேண்டியிருக்கு. அமெரிக்க எழுத்தாளர் கேர்ட் வொனகட் ட்ரெஸ்டன் நகரம் 1945இல் குண்டுவீசி எரிக்கப்பட்டபோது அங்க கைதியா இருந்தவர். அதைப் பற்றிய 'ஸ்லோட்டர்ஹவுஸ்-ஃபைவ்' நாவலை வெளியிட அவருக்கு 1969 வரை சென்றது. 24 வருசம். அந்தக் கணக்கில எங்கட நாவலுக்கு 2033 வரை பொறுக்கவேணும். அதை எழுதப்போற ஆள் இப்ப எங்களோட கன்ரீனில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கலாம்.

இவ்வளவு குறை சொல்லியும் ஏன் வாசியுங்கோ எண்டு சொல்லுறன்? ஒரு காரணம் ராணி.

அந்தக் கவுண்டரில இருக்கிற டொக்டர் ராணி ஸ்ரீதரன் ஒரு தமிழ்ப் பல்கலைக்கழக விரிவுரையாளர். எழுதினதுக்காகத் தமிழ் ஆயுததாரிகளாலேயே கொல்லப்பட்டவ. செத்த பிறகும் மற்றச் செத்தவைக்கு வழிகாட்டுற வேலையில இருக்கிறா. வாசிக்கிற எந்த யாழ்ப்பாணத்து ஆளுக்கும் ரஜனி திராணகம ஞாபகம் வராமல் இருக்காது. யாழ் மருத்துவபீடத்தில உடற்கூற்றியல் படிப்பிச்சவ, 'முறிந்த பனை'யை எழுதின நாலு பேரில ஒருவர். 1989 செப்ரெம்பர் 21 அண்டு வீட்டுக்குச் சைக்கிளில போகேக்க சுட்டுக் கொல்லப்பட்டவ. நாங்கள் ரியூசனுக்குப் போய்வந்த அதே றோட்டுகள். பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் எனக்கு அந்தப் பெயரைச் சொல்லித் தரேல்லை. கொழும்பில ஒருவர் ஆங்கிலத்தில எழுதின ஒரு பேய்க்கதையில வந்துதான் அந்த முகத்தோட கொஞ்ச நேரம் இருக்கக் கிடைச்சது. கருணாதிலக அவவைச் சிலையாக்கேல்லை. களைச்சுப்போன, கண்டிப்பான, கோப்புகளோட மல்லுக்கட்டுற ஒரு ரீச்சரா வைச்சிருக்கிறார். அரசு செய்ததைச் சொல்லுற நாங்கள், எங்கட பக்கத்தில நடந்ததையும் சொல்லவேணும் எண்டு ஒரு மேடைப்பேச்சு எனக்குச் சொல்லியிருந்தால் நான் எதிர்வாதம் செய்திருப்பன். இந்தப் பாத்திரத்தோட வாதாட ஏலாமல் போச்சு.

இன்னொரு காரணம் மாலியின் காதல். ஒரு ஆண் இன்னொரு ஆணைக் காதலிக்கிறதை எங்கட வீடுகளில இண்டைக்கும் ஆரும் வாய்விட்டுச் சொல்லுறதில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 365 ஆம் பிரிவும் 365ஏ பிரிவும் பிரிட்டிஷ் காலத்து மிச்சமா நிக்குது. மாலி உயிரோட இருக்கேக்க தன்ர பகிடிகளால ஒளிச்சு வைச்சது முழுக்கச் செத்த பிறகுதான் வெளிய வருது. அவன்ர நக்கல் ஒரு கவசம் எண்டது நாவலின் நடுப்பகுதியில விளங்கும். அந்த இடத்தில எனக்கு அப்பாவின் சலைன் பகிடியும் வேற மாதிரிக் கேட்கத் தொடங்கினது.

மொழியைப் பற்றியும் ஒண்டு சொல்லவேணும். நாவல் முழுக்க மாலி தன்னைத்தானே 'யூ' எண்டு கூப்பிட்டுத்தான் கதை சொல்லுறான். வாசிக்கேக்க நான் மனசுக்குள்ள தமிழாக்கிக்கொண்டே போனன். ஆங்கிலத்தில ஒரே 'யூ'. எங்களிட்ட நீ, நீர், நீங்கள் எண்டு மூண்டு இருக்கு. தனிய இருக்கேக்க மாலிக்கு அது 'நீ'. கவுண்டரில டொக்டர் ராணி கேட்டால் கட்டாயம் 'நீர்'தான், படிப்பிக்கிற ஆக்களின்ர அந்த அளவான தூரம். எங்கட தமிழில இது வந்தால் இன்னும் நல்லாச் சிரிக்கும், இன்னும் நல்லா நோகும் எண்டு தோன்றிச்சு. புக்கர் மேடையில கருணாதிலக தமிழிலயும் சிங்களத்திலயும் இரண்டு வார்த்தை பேசினவர். ஒரு நாள் இந்தப் புத்தகம் அரசியல் நையாண்டியா இல்லாமல், கற்பனைக் கதைகளின் தட்டில இருக்கவேணும் எண்டும் ஆசைப்பட்டவர். பேயும் பிசாசும் மட்டுமே வாசிக்கிறவனுக்கு விசித்திரமாத் தெரியிற ஒரு இலங்கை வரவேணும் எண்டதுதான் அர்த்தம். இப்போதைக்கு எனக்கு இதில பேய்கள்தான் மிகச் சாதாரணமா இருந்தது.

நாவலின் மறுவுலகில ஒரு சட்டம் இருக்கு. ஆவியால நினைச்ச இடத்துக்கெல்லாம் போக ஏலாது. உயிரோட இருக்கேக்க உடல் போன இடங்களுக்குப் போகலாம், இல்லாட்டி ஆரும் அதின்ர பெயரைச் சொல்லுற இடத்துக்குப் போகலாம். இதை வாசிச்ச இடத்தில நான் புத்தகத்தை மூடி வைச்சிட்டன். கிளிநொச்சியில 2017 பெப்ரவரி 20 அண்டு றோட்டோரத்தில குந்தின அம்மாக்கள் வருசக்கணக்கா அதைத்தான் செய்துகொண்டிருக்கினம், படத்தைக் கையில பிடிச்சுப் பெயரைச் சொல்லிக்கொண்டு. அவையில பலர் பதில் கிடைக்காமலேயே செத்தும் போச்சினம். ஒரு பகிடிக் கதையின் விதி இவ்வளவு கனமா வந்து விழும் எண்டு நான் நினைச்சிருக்கேல்லை.

ஆகவே என்ர அபிப்பிராயம் இதுதான். இந்த நாவல் எங்கட நாவல் இல்லை, எங்களுக்காக எழுதினதாவும் எனக்குத் தெரியேல்லை. ஆனாலும் வாசியுங்கோ. ஆங்கிலம் கஷ்டம் எண்டால் இரண்டு பேராச் சேர்ந்து வாசியுங்கோ, நாங்கள் பாடப்புத்தகத்துக்குச் செய்யிற மாதிரி. வாசிச்ச பிறகு வீட்டில ஆரிட்டையாவது அந்தக் காலத்துப் பகிடி ஒண்டு சொல்லச் சொல்லிக் கேளுங்கோ. சொல்லுவினம், சிரிச்சுச் சிரிச்சே சொல்லுவினம். அவை சொன்ன மாதிரியே, அவையின்ர வார்த்தையிலேயே எழுதி வையுங்கோ. நான் பெரியம்மாவின் கோழிக் கதையில இருந்து தொடங்கியிருக்கிறன்.